கடைசியாக எழுந்து வருகிறவள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சின்னக்காவின் கையிலிருந்து ஆறு எவர்சில்வர் தட்டுகள் சமையலறைத் தரையில் விழுந்தபோது பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. மூன்றடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த சுண்டு மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னக்கா தட்டுகளைப் பொறுக்காமல் அப்படியே நின்றாள். அங்கேதான் நாம் விட்டிருந்தோம். ஒரு தாய்க்குப் பல மாதங்களாக இருந்த சந்தேகம் அன்றைக்கு நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு வீட்டைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளம் பள்ளிக்கூடம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை முப்பத்திரண்டு குழந்தைகள், மாண்டிசோரி முறை. பத்தொன்பது வருடங்களாக அதை நடத்துகிறவளைக் குழந்தைகள் பெரியக்கா என்பார்கள். மாடியில் அவளுடைய தம்பி குடும்பம். தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. தம்பியின் மனைவிதான் கீழே உதவி ஆசிரியை, சின்னக்கா. அவர்களுடைய நாலரை வயது மகள் சுண்டு.

பள்ளிக்குள் ஒரு சட்டம் உண்டு. பெற்ற மகளும் தாயைச் சின்னக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். மருமகளும் அத்தையைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கு இல்லாத சலுகை வீட்டுக் குழந்தைக்குக் கூடாது என்பது பெரியக்காவின் கொள்கை. மாடி ஏறிய பிறகுதான் அம்மா, அத்தை, அண்ணி எல்லாம்.

இன்றைக்குக் காலை ஏழு மணிக்கே இரண்டு பேரும் கீழே இருந்தார்கள். பெரியக்கா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சின்னக்கா தண்ணீர் ஊற்றிப் பழகும் குட்டி ஜாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பிடி வலது பக்கம் பார்க்கும்படி தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்குப் பயிற்சி மையத்திலிருந்து இரண்டு பேர் பார்வையிட வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால், ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்கும் பெண்களை இனிமேல் இந்தப் பள்ளிக்கு அனுப்பிக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். பெரியக்கா இதற்காகக் காத்திருந்த வருடங்களை எண்ணினால் இந்த இதழ் முழுக்க எனக்கே வேண்டும்.

"ஒண்ணரைக்கு நான் கிளம்பிடுவேன் பெரியக்கா," என்றாள் சின்னக்கா, ஜாடியைப் பார்த்தபடி. "ரெண்டரைக்கு டெஸ்ட்."

"அவங்க மத்தியானமும் இருப்பாங்க. இன்னிக்கு மட்டும் வேணாமே. தேதியை மாத்திக்கலாம்ல?"

"ஏற்கெனவே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்காரங்களே மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் கழிச்சுக் கிடைச்ச தேதி இது."

பெரியக்கா சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள்.

"அவளுக்குக் காதுல ஒண்ணுமில்ல," என்றாள் கடைசியில். "வேலைல உக்காந்தா மூழ்கிடறா. இந்த மாதிரி கவனம் நான் இத்தனை வருஷத்துல மூணு குழந்தைங்ககிட்டதான் பார்த்திருக்கேன். நானே புஸ்தகத்தை எடுத்தா கூப்பிடறது கேக்காது எனக்கு."

"தட்டு விழுந்தது பெரியக்கா. ஆறு தட்டு."

இதற்குப் பதில் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். பெரியக்கா ஒரு பந்தயம் கட்டினாள். நல்ல நம்பிக்கை உள்ளவர்கள் செய்கிற முட்டாள்தனம் அது.

"சரி. அமைதி விளையாட்டுல வீட்டுக் குழந்தைன்னு எப்பவும் அவளைக் கடைசியாத்தான் கூப்பிடறேன், இன்னிக்கு முதல் பேரு அவ பேருதான். அவங்க ரெண்டு பேர் முன்னாடி கூப்பிடறேன். எழுந்து வந்துட்டா இந்த டெஸ்டை விட்டுடணும். வரலேன்னா நானே உன்னை அனுப்பி வைக்கறேன்."

சின்னக்காவுக்கு வாதாடத் தெம்பில்லை. மேலே கணவனிடம் இதே பேச்சைப் பேசியிருந்தாள், பெற்ற தாயிடம் போனில் பேசியிருந்தாள், தனக்குள்ளே பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தாள்.

"சரி," என்றாள்.

உள்ளதைச் சொன்னால், மகள் எழுந்து வந்துவிட வேண்டும் என்றுதான் அவளும் விரும்பினாள். எந்தத் தாய் தன் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று இதில் நினைப்பாள்?

* * *

பார்வையாளர்களில் ஒருத்தி நெட்டை, ஒருத்தி மூக்குக்கண்ணாடி. இருவரும் சுவரோரம் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்த அறையில் யாரும் யாரையும் தூரத்திலிருந்து கூப்பிட மாட்டார்கள். பெரியவர்கள் நடந்து போய், குழந்தையின் எதிரே மண்டியிட்டு, முகத்துக்கு முகம் பார்த்துத் தணிந்த குரலில் பேச வேண்டும். புதிதாக ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது பேச்சே கிடையாது. கை செய்வதைக் கண் பார்த்தால் போதும். நாளெல்லாம் இப்படி உட்கார்ந்து எழுந்து பெரியக்காவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. கத்துகிற ஆசிரியைக்குத் தொண்டை போகும். கத்தாத ஆசிரியைக்கு மற்றதெல்லாம் போகும்.

சுண்டு நடு அறையில் நீளப் பாய் விரித்து நூறு மணிச் சங்கிலியை நீட்டியிருந்தாள். எல்லாம் ஒரே பொன்னிற மணிகள், பத்துப் பத்தாகக் கம்பியில் கோத்தது. ஒவ்வொரு மணியாகத் தொட்டு எண்ணி, பத்து முடியும் இடத்தில் எண் எழுதிய சின்னச் சீட்டை வைக்க வேண்டும். இரண்டு முறை நூறு வரை போய், கலைத்து, மூன்றாம் முறை ஆரம்பித்திருந்தாள்.

பத்தே முக்காலுக்கு ஒரு குட்டிப் பையன் மர உருளைகள் இருந்த தட்டை அப்படியே தரையில் கவிழ்த்தான். அறை முழுக்கத் திரும்பியது. நெட்டை அம்மாள் நாற்காலியில் துள்ளினாள். சுண்டு முப்பத்தேழைத் தொட்டு முப்பத்தெட்டுக்குப் போனாள்.

நெட்டை அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் குனிந்து, "பிரமாதம்," என்றாள்.

பெரியக்கா சின்னக்காவைப் பார்த்தாள். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. சின்னக்கா உருளைகளைப் பொறுக்கப் போய்விட்டாள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கவனிப்பு நோட்டு உண்டு. சுண்டுவின் நோட்டைப் பெரியக்கா காலையிலேயே பார்வையாளர்களின் மடியில் கொடுத்திருந்தாள். அழகான கையெழுத்து. 'நாற்பது நிமிடம் ஒரே வேலை. வாசலில் லாரி ஹாரன் அடித்தும் தலை நிமிரவில்லை.' 'குறைவாகப் பேசுகிறாள், தேவைக்கு மட்டும்.' 'அமைதி விளையாட்டில் இன்றும் கடைசியாகத்தான் எழுந்து வந்தாள். அபாரமான பொறுமை.' தேதி போட்டு ஒரு வருடம் முழுக்க.

இரண்டு பேரும் பக்கம் புரட்டிப் புரட்டி ரசித்தார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் தொழிலில் குழந்தையின் ஆழ்ந்த கவனம்தான் பெரிய பொக்கிஷம். அதைத் தேடித்தான் ஊர் ஊராகப் போகிறார்கள். தேடுகிறவர்கள் கண்ணுக்குத் தேடுவதுதான் தெரியும்.

* * *

பதினொன்றரைக்கு அமைதி விளையாட்டு.

விளையாட்டு இதுதான். குழந்தைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். பேச்சு, அசைவு, பக்கத்திலிருப்பவரைத் தொடுவது எதுவும் கூடாது. பெரியக்கா பக்கத்து அறைக்குப் போய், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு பெயரைக் காற்று போலக் கிசுகிசுப்பாள். பெயருக்கு உரியவர் சத்தமில்லாமல் எழுந்து அவளிடம் போக வேண்டும். பிறகு அடுத்த பெயர். மூன்று வயதுக் குழந்தைகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பெற்றவர்களே நம்ப மாட்டார்கள்.

மற்ற நாட்களில் சின்னக்கா இந்த நேரம் பின்கட்டில் சாப்பாட்டு மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருப்பாள். இன்றைக்குப் பார்வையாளர்களுக்குத் துணையாக அறையில் உட்கார வேண்டியதாயிற்று. சுண்டுவுக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெயர் வந்தது. சின்னக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. மகளுடைய பெயர்.

சுண்டு கண்ணை மூடி, மடியில் கைகளைக் கோத்து, பதுமையாக உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி வந்தது, கொஞ்சம் நீட்டி.

ஒவ்வொரு குழந்தையாகக் கண்ணைத் திறந்தது. முப்பத்தொரு தலைகளும் மெல்லச் சுண்டுவின் பக்கம் திரும்பின. யாருக்கும் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. சின்னக்கா கையை நீட்டினால் போதும், மகளின் முதுகைத் தொட்டுவிடலாம். தொட்டால் அவள் எழுந்து போவாள், பந்தயம் போகும், இரண்டரை மணியும் போகும். தொடாவிட்டால் இத்தனை பேர் முன்னால் குழந்தை இப்படியே உட்கார்ந்திருக்கும். அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது முறை பெயர் வந்தபோது அது கிசுகிசுப்பாக இல்லை. சாதாரணக் குரலாகவே இருந்தது. அந்த அறையில் அந்த அளவுக்குக் குரல் உயர்ந்ததில்லை.

முன்வரிசையிலிருந்த ரெட்டைச்சடை எழுந்தாள். ஆறு வயது, அந்த அறையிலேயே மூத்தவள். விளையாட்டை மீறி நேராகக் கதவுக்குப் போனாள்.

"பெரியக்கா, அவளைத் தொடணும். தொட்டாத்தான் அவளுக்குத் தெரியும்."

கதவு முழுக்கத் திறந்தது.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும். நாங்க கூப்பிட மாட்டோம், தோளைத் தொடுவோம். இல்லேன்னா முன்னாடி போய் நிப்போம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ரெட்டைச்சடைக்குக் கேள்வியே புரியவில்லை. "அடுத்தவங்களைப் பத்தி வந்து சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க," என்றாள்.

பெரியக்கா நடந்து வந்து சுண்டுவின் எதிரே மண்டியிட்டாள். அந்த முழங்கால் கீழே போக நேரம் எடுத்தது. தோளைத் தொட்டாள். சுண்டு கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் இன்னும் உட்கார்ந்திருப்பது அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"இன்னும் யாருமே போகலையா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பெரியக்காவுக்கு முழுதாக விளங்கியது. ஒரு வருடமாக ஒவ்வொரு வாரமும் இந்தக் குழந்தை, பக்கத்தில் ஆட்கள் எழுந்துபோகும் அசைவு நின்ற பிறகு, கண்ணைத் திறந்து பார்த்து, எல்லோரும் போய்விட்டார்கள், இனி நான்தான் என்று எழுந்து வந்திருக்கிறது. அதற்குப் பெயர் பொறுமை என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் விளையாட்டைப் பாதியில் விடவில்லை. திரும்பிக் கதவுக்குப் பின்னால் போய், மற்ற முப்பத்தொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடித்தாள். எந்தப் பெயருக்கும் அவள் குரல் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தையும் எழுந்து வந்து நின்றபோது அவள் அதன் முகத்தைப் பார்க்காமல் காதையே பார்த்தாள் என்று மூக்குக்கண்ணாடி அம்மாள் பிறகு சொன்னாள்.

* * *

சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டுக் குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. பெரியக்கா கை கழுவுவதுபோல நின்றாள்.

சின்னக்கா வந்து குழாயை மூடினாள். "ஒண்ணரைக்குக் கிளம்பறோம் பெரியக்கா."

"நானும் வரேன்."

"அவங்க மத்தியானமும் இருப்பாங்கன்னீங்களே."

"இருக்கட்டும். பெத்தவங்களுக்குப் போன் பண்ணிட்டேன், ஒரு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

இவ்வளவு வருடத்தில் பள்ளி பாதி நாளில் மூடியது அதுதான் முதல் தடவை. பெரியக்கா நேராகப் பார்வையாளர்களிடம் போனாள். அவர்கள் சங்கடமாகப் புன்னகைத்தார்கள். நெட்டை அம்மாள், "எந்தக் குழந்தையும் ஒரு நாள் அப்படி இருக்கும்க. இதை நாங்க பெரிசா எடுத்துக்க மாட்டோம்," என்றாள்.

"நீங்க எடுத்துக்கணும்," என்றாள் பெரியக்கா. "அந்தக் குழந்தைக்குக் காது கேக்கல. ஒரு வருஷமா அதை நான் கவனம்னு எழுதியிருக்கேன். அந்த நோட்டைக் குடுங்க, டாக்டர் கேப்பாரு."

நெட்டை அம்மாள் கொடுத்தாள். காலையில் பிரமாதம் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

* * *

ஆஸ்பத்திரி முகப்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பிறகு இன்னும் ஒரு தடவை தட்டினாள்.

"போன தடவை மாதிரி கடைசி நேரத்துல கேன்சல் பண்ணாதீங்க மேடம். எத்தனை பேர் வெயிட் பண்றாங்க பாருங்க."

"நாங்க எங்க பண்ணோம்?" என்றாள் சின்னக்கா. "நீங்கதானே டாக்டர் இல்லேன்னு தள்ளிப்போட்டீங்க."

"இல்லையே. டாக்டர் அன்னிக்கு இருந்தாரு. குழந்தையோட அப்பா போன் பண்ணி வேணாம்னு சொன்னதா இங்க போட்டிருக்கு."

சின்னக்கா அந்தத் திரையைப் பார்க்க முயன்றாள். அது முகப்புப் பெண்ணின் பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியக்கா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

டெஸ்ட் அறை கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னக் கூண்டு. சுண்டுவின் தலையில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டினார்கள். டெஸ்ட் எடுக்கும் பெண் எதிரே குனிந்து, வாயசைத்து, கையால் செய்து காட்டினாள்: கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொள், சத்தம் கேட்டதும் டப்பாவில் போடு. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் சுண்டுவுக்கு ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும். அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள்.

வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் நின்றார்கள். டெஸ்ட் எடுப்பவள் பொத்தானை அழுத்துவது தெரிந்தது. சுண்டு கட்டையைக் கன்னத்தில் வைத்துக் காத்திருந்தாள். மறுபடி பொத்தான். சுண்டு காத்திருந்தாள். பொத்தான். அவள் முகத்தில் அவசரமே இல்லை. கேட்டால் போட வேண்டும், கேட்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கட்டை டப்பாவில் விழுந்தது. சுண்டு பெருமையாகக் கண்ணாடி வழியே தாயைப் பார்த்தாள்.

சின்னக்கா சிரித்துக் காட்டினாள். சிரித்து முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

டாக்டர் சிக்கனமாகப் பேசுகிறவர். இரண்டு காதிலும் கேட்கும் திறன் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. மெதுமெதுவாகக் குறைந்திருக்கிறது. மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும், பேச்சுப் பயிற்சியும் வேண்டும். நோட்டைப் புரட்டியவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இது யார் எழுதினது? இவ்வளவு தெளிவா யாரும் கொண்டுவர மாட்டாங்க. எந்த மாசத்துலேர்ந்து லாரி சத்தம் கேக்கலேங்கறதுகூட இருக்கு."

"நான்தான்," என்றாள் பெரியக்கா.

"அப்புறம் ஏன் கூட்டிட்டு வரல?"

பிறகு அவரே பதிலும் சொன்னார். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பேசறீங்க போல. குழந்தை உதட்டைப் பார்த்தே சமாளிச்சிருக்கு. கத்தற பள்ளிக்கூடமா இருந்தா ஒரு மாசத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். பெரியக்காவுக்கு அது அறைந்ததுபோல இருந்தது.

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று சின்னக்கா கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "இது பேச்சு கத்துக்கற வயசும்மா. முன்னாடி வந்தா முன்னாடி மிஷின் வெச்சிருப்போம். சரி, போனதை விடுங்க."

* * *

பஸ்ஸில் ஜன்னலோரம் சுண்டு. நடுவில் சின்னக்கா. ஓரத்தில் பெரியக்கா, பாதி உடம்பு வழியில்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் பெரியக்கா, நாலு நிறுத்தம் போன பிறகு. "தம்பி வந்து கேட்டான். அக்கா, டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்ங்கறாளேன்னு. அவசியமில்லன்னு சொன்னேன். நல்லா இருக்கற குழந்தையை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விடாதீங்கன்னேன். ஆனா அவன் கேன்சல் பண்ணதை உங்கிட்ட சொல்லியிருப்பான்னுதான் நினைச்சேன்."

"காலைல நான் ஆஸ்பத்திரி மாத்துச்சுன்னு சொன்னப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல அண்ணி? அவரு சொல்லலேன்னு."

பெரியக்காவுக்குத் தெரிந்தது. அதனால்தான் அந்தப் பென்சில் இரண்டு முறை சீவப்பட்டது.

"உங்க மேல கோபம்தான் எனக்கு," என்றாள் சின்னக்கா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆனா நீங்க நெஜமாவே அப்படி நம்பினீங்க. நம்பினதைத்தான் சொன்னீங்க. அவரு எங்கிட்ட பொய் சொல்லியிருக்காரு. 'பாவம், டாக்டருக்கு உடம்பு சரியில்லையாம்'னு வேற சொன்னாரு. நான் அந்த டாக்டருக்காக இரக்கப்பட்டேன் அண்ணி."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சுண்டு தாயின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

* * *

லிஃப்ட்காரன் ஆறு மணிக்கு வந்தான். ஒன்பது மாடிக் கட்டடத்தில் காலையிலிருந்து கம்பி மாற்றிய களைப்பு அவனுக்கும் இருந்தது. கருவிப் பையைக் கதவோரம் வைத்தான். கூடத்தில் அக்கா ஒரு நாற்காலியில், மனைவி தரையில் சுவரோரம், மகள் நடுவில் பேப்பரும் கிரேயானுமாக.

"என்ன, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? வந்தவங்களுக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சுதா இல்லையா?"

அவன் மேசைமேலிருந்த ஆஸ்பத்திரிக் கவரைப் பார்த்தான். எடுத்துப் பிரித்தான். அதிலிருந்த கோடுகளும் எண்களும் அவனுக்குப் புரியவில்லை, கீழே எழுதியிருந்த இரண்டு வரி புரிந்தது. கவரை மேசைமேல் திரும்ப வைக்க அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

"அன்னிக்குப் போன் பண்ணி என்ன சொன்னீங்க?" என்று சின்னக்கா கேட்டாள். "அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். ஸ்கூல் மாற்றுவதா, எந்த வேலைக்குப் போவது, யாரைக் கல்யாணம் செய்துகொள்வது, எல்லாவற்றுக்கும் அவன் முகம் அந்தப் பக்கம்தான் திரும்பும். கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில், இரண்டு மாடிக்கு இடையில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருந்தே பழகிவிட்டான்.

"அவங்களைப் பார்க்காதீங்க. அவங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க."

பெரியக்கா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். தம்பியைத் தாண்டி, கதவைத் தாண்டி, மெல்லப் படியிறங்கப் போனாள். அவன் அவள் முதுகைப் பார்த்தான். அக்கா இப்படி விட்டுவிட்டுப் போவாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

"சொல்லுங்க."

"தேவையில்லன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா? அவங்க ஏன்னு கேட்டிருப்பாங்களே."

அவன் தரையில் உட்கார்ந்தான். மகளின் கிரேயான் ஒன்று உருண்டு வந்ததை எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

"கேட்டாங்க," என்றான். "குழந்தைக்கு என்ன பிரச்சினைன்னு. குழந்தைக்கு ஒண்ணுமில்ல, அம்மாவுக்குத்தான் பிரச்சினை, எதுக்கெடுத்தாலும் பயப்படற சுபாவம்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அந்தப் பொண்ணும் சிரிச்சா."

மூன்று மாதமாக நடந்ததெல்லாம் சின்னக்காவுக்கு வரிசையாக நினைவில் வந்தது. ராத்திரி எழுந்து மகளின் காதருகே கை சொடுக்கிப் பார்த்தது, அதைப் பார்த்து அவன் திரும்பிப் படுத்தது, தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அவளே நம்ப ஆரம்பித்தது. அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும்.

"நாளைலேர்ந்து சுண்டு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டா," என்றாள். "நானும் போகமாட்டேன்."

"என்ன பேசற? அக்கா தனியா முப்பது குழந்தைங்களை எப்படிப் பார்ப்பா? நாம இருக்கறது அக்கா வீடு. எங்க போவ?"

"தெரியல. இன்னிக்கு யோசிக்கத் தெம்பில்ல எனக்கு. எங்க போறதுன்னு காலைல யோசிக்கறேன். இந்த வீட்டுல இருக்கமாட்டோம், அது மட்டும் தெரியும்."

சத்தமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பழகிய அதே தணிந்த குரல்தான். படியில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த பெரியக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் நன்றாகக் கேட்டது.